முறை தவறி வந்த படம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. பிரேக் அக்காவிடம் ஒரு வகுப்பு உட்கார்ந்து எழுந்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள்.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வருடக்கணக்கில் அதை மிதித்து மிதித்து அவள் கால் அதற்கே பழகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பாள். டிவியில் கார் வேகமாக வந்தாலும் சோபாவில் உட்கார்ந்தபடி மிதிப்பாள். வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் மிதிக்காமல் இருந்ததே கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். வைத்தவர்கள் அவளிடம் படித்தவர்கள். அவள் காதுபடக் கூப்பிட ஒருவருக்கும் தைரியமில்லை.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மற்றவர்கள் படியேறாமல் இருக்க வேண்டும் என்று பாடுபடுவார். வார இறுதியானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கால்நடையாக மலை ஏறுவார். இதில் என்ன நியாயம் என்று அவள் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள். மலை ஏறினாலும் பரவாயில்லை, உடம்புக்கு நல்லது. அவர் ஏறியது மலைக்காக அல்ல. அந்த விளையாட்டுக்காக.

விளையாட்டின் பெயர் 'எந்தக் குடில்?' ஊரை ஒட்டிய மலைகளில் நடந்து போகிறவர்கள் மழைக்கும் பனிக்கும் ஒதுங்குவதற்காக, எந்தக் காலத்திலோ யாரோ கட்டிவைத்த பலகைக் குடில்கள் அங்கங்கே உண்டு. காவல் கிடையாது, பூட்டு கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு அடுப்பு, இரண்டு பெஞ்சு, ஏகப்பட்ட எலி. இந்த அழகில் இருக்கும் ஒரு குடிலின் ஏதாவது ஒரு மூலையைப் படம் பிடித்துப் போன் குழுவில் போட வேண்டும். தாழ்ப்பாளோ, ஜன்னல் சட்டமோ, பெஞ்சின் காலோ. அது எந்தக் குடில் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வளர்ந்த மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, இதற்காக அடித்துக்கொண்டார்கள்.

விதிகள் வேறு. நாளுக்கு ஒருவர், அவரவர் முறை வரும்போதுதான் படம் போட வேண்டும். போட்டவர் சாயங்காலம் வரை வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது: படம் எடுக்க எந்தக் குடிலுக்குப் போகிறோம் என்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. முன்பொரு தடவை பேக்கரிக்காரரின் மனைவி கடைத்தெருவில் யாரிடமோ உளறி, ஒரு படம் வீணாகிவிட்டதாம். அன்றையிலிருந்து மனைவிமார்கள் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிட்டார்கள்.

அவளைக் கேட்காமலே அவளையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார். அவள் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஆனால் விலகவும் இல்லை. திட்டுவதற்காவது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா?

இதோடு விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக மலையேறத் தொடங்கின. கெட்டில் போயிற்று. குட்டி முக்காலி போயிற்று. கேட்டால், "பாவம், மழையில நனைஞ்சு வர்றவங்களுக்கு ஆகும்" என்பார். வீட்டில் இருக்கிற ஒருத்தி வென்னீருக்கு என்ன செய்வாள் என்ற எண்ணம் மட்டும் வராது. கடைசியில் இஸ்திரிப் போர்வையும் காணாமல் போனது. சாம்பல் நிறப் பழைய கம்பளி, நாலாக மடித்து மேஜையில் போட்டு அதன்மேல்தான் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுவாள். அதன் நடுவே இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே கருகியிருக்கும். அந்தக் கருகலும் அவர் உபயம்தான். "இங்க வா, இங்க வா, இந்த ஜன்னலைப் பாரு!" என்று அவர் கூப்பிட, என்னவோ ஏதோ என்று பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவர் போனில் ஒரு ஜன்னலைக் காட்டினார். திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை.

போர்வையை மட்டும் தான் எடுக்கவே இல்லை என்று அவர் சாதித்தார். "நீயே எங்கயாவது துணியோட துணியாப் போட்டிருப்பே" என்று அவள்மேலேயே பழியைப் போட்டார். அன்றிலிருந்து அவள் குளிக்கும் துண்டின்மேல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் மூட்டை கட்டினார். துணியில் சுற்றிய கனமான இரும்புச் சாமான் ஒன்றும் மூட்டைக்குள் போனது. வெளியே மேகம் கட்டிக்கொண்டு நின்றது.

"எங்க போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"பேக்கரிக்காரன் பொண்டாட்டியும் இப்படித்தான் கேட்டா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படியோ போங்க. திரும்பி வந்து பசிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

சனிக்கிழமை அவள் எழுவதற்குள் கிளம்பிவிட்டார். பயிற்சிக் காரின் சாவியை அவள் ஒளித்து வைத்திருந்ததால் பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் வர வேண்டியவர் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கதவைப் பார்த்தபடி இருந்தாள். மழை பிடித்தது. கோபம் எந்த நேரத்தில் பயமாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் லிப்ட் கம்பெனியிலிருந்து போன். ஏன் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார்கள். அவர் போன் அடிக்கவே இல்லை. மலை மீட்பு அலுவலகத்துக்குப் போட்டாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"எந்தக் குடிலுக்குப் போனாரும்மா?"

அந்தக் கேள்வியை ஒரு அரசாங்க அதிகாரியின் வாயிலிருந்தும் கேட்க வேண்டிய தலையெழுத்து! தெரியாது என்றாள். வீட்டில் சொல்லாமலா போவார் என்று கேட்டார். ஆமாம், சொல்லக் கூடாதென்று விதி என்றாள். அதிகாரி வரைபடத்தை விரிக்கிற சத்தம் கேட்டது.

"மூணு பள்ளத்தாக்கும்மா. எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு குழு. இந்த மழையில ஒரு பக்கம் ஏறிட்டா, இன்னைக்குள்ள இறங்கி இன்னொரு பக்கம் ஏற முடியாது. எந்தப் பக்கம்னாவது கேட்டுச் சொல்லுங்க."

கேட்க யார் இருக்கிறார்கள்? வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மருந்துக்கடைக்காரர் வகுப்புக்காக வாசலில் வந்து நின்றார். காரை எடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர். மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற மாதிரி கியரையும் யோசித்து யோசித்துத்தான் போடுவார். எதிரே ஒரு சைக்கிள் தெரிந்தாலே காரை ஓரம்கட்டி வழிவிடுவார். அன்று அவர் சந்தை ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் அவள் போன் டிங்கென்றது.

குழுவில் ஒரு படம். அனுப்பியவர் அவள் வீட்டுக்காரர்.

உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அடுத்த நொடியே ரத்தம் தலைக்கு ஏறியது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்! கம்பெனி தேடுகிறது, மீட்பு அலுவலகம் தேடுகிறது, இவர் விளையாடிக்கொண்டிருக்கிறார்! அவள் கால் மிதித்த மிதியில் கார் நடு ரோட்டில் குலுங்கி நின்றது.

"நான் ஒண்ணுமே பண்ணல மேடம்" என்றார் மருந்துக்கடைக்காரர் பயந்துபோய்.

படத்துக்குக் கீழே ஆட்டம் களைகட்டிவிட்டது. பேக்கரிக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். அன்று அவருடைய முறையாம். குழுவுக்கு நடுவராக இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தீர்ப்பும் எழுதிவிட்டார்: 'முறை தவறி வந்த படம். அனுப்பியவருக்கு ஒரு புள்ளி குறைக்கப்படுகிறது. விடைகள் வரவேற்கப்படுகின்றன.'

முறை தவறி. அவள் அந்த வார்த்தைகளைத் திரும்பப் படித்தாள். கோபம் இறங்கிவிட்டது. முன்பு பேக்கரிக்காரர் ஒருநாள் முந்திப் படம் போட்டதற்கு இந்த மனிதர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வரிசையில் யாராவது முந்தினால் பஸ்ஸை விட்டுவிட்டுச் சண்டை போடுகிற ஆள். அவர் தன் முறை வராமல் ஒரு படம் போடுகிறார் என்றால் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. மறுபடி போன் போட்டாள். அடிக்கவில்லை.

நடுவருக்குப் போட்டாள்.

"சொல்லும்மா" என்றார் அவர். "ஆனா விடையை மட்டும் கேட்டுறாதே. ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு."

அவள் போனைத் துண்டித்தாள். "சார், கண்ணாடிக் கடைக்கு விடுங்க" என்றாள் மருந்துக்கடைக்காரரிடம்.

"நானா மேடம்? அங்க ரவுண்டானா இருக்கே."

"என் கை நடுங்குது. விடுங்க!"

ரவுண்டானாவை அவர் மூன்று முறை சுற்றினார். வெளியே வரும் வழி தெரியாமல் அல்ல, யாரும் இடம் தரவில்லை என்று. அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஊரே கேட்கும்படி கத்தியபின் ஒரு லாரிக்காரர் வழிவிட்டார்.

கண்ணாடிக் கடையில் பேக்கரிக்காரரும் இருந்தார். தன் முறை பறிபோனதைப் பற்றி நேரில் முறையிட வந்திருந்தார், கையில் மாவுகூடக் காயவில்லை. அவள் உள்ளே நுழைந்த வேகத்தில், பவர் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் எழுந்து ஓரமாக நின்றுகொண்டார்.

"ரெண்டு ராத்திரியா மனுஷனைக் காணோம்! போன் போகல! வேலைக்கு வரல! அவரு முறை தவறி மூச்சாவது விடுவாரா? உங்களுக்குத் தெரியாதா அண்ணே? இது ஆட்டம் இல்ல. ஆபத்து!"

நடுவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். பேக்கரிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ அண்ணி, நான் புள்ளியைக் குறைங்கன்னு கத்திக்கிட்டிருந்தேனே" என்றார். நல்ல மனிதர்கள்தான். மூளையைத்தான் ஏதோ ஒரு குடிலில் மறந்து வைத்துவிட்டார்கள்.

மூக்குக்கண்ணாடி பிரேம்களின் மாதிரி காட்டுகிற பெரிய கம்ப்யூட்டரில் நடுவர் படத்தைப் போட்டார். பேக்கரிக்காரர் ஒரே பார்வையில் சொன்னார். "ஓரத்துல தெரியுது பாருங்க, வளைவு வச்ச அடுப்புக் கதவு. வடக்குக் கணவாய்க் குடில்ல மட்டும்தான் இந்தக் கதவு. அடிச்சுச் சொல்றேன்." அடுப்பு விஷயத்தில் அவர் தோற்றதே இல்லையாம்.

"சுவர்ப் பலகையைப் பாரு. குறுக்கே அடிச்சிருக்கு" என்றார் நடுவர். "வடக்குக் கணவாயில நெடுக்க அடிச்சிருக்கும். இது பாறை முகட்டுக் குடில்."

"பாறை முகட்டுல அடுப்பே கிடையாதுண்ணே!"

"புதுசா வச்சிருப்பாங்க."

"யாரு வப்பாங்க? உங்க தாத்தாவா?"

அவள் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தட்டினாள். இரண்டு பேரும் அடங்கினார்கள். இரண்டும் வெவ்வேறு பள்ளத்தாக்கு. தப்பான பக்கம் குழுவை ஏற்றிவிட்டால் இன்னொரு ராத்திரி. மழை கடையின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு வருடம் இந்தக் கிறுக்குத்தனத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு இன்று ஒரு நாளாவது பிரயோஜனப்படக் கூடாதா என்று அவளுக்கு அழுகை முட்டியது. குடில் படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அன்றுதான் முதல் தடவையாக ஒரு படத்தை உற்றுப் பார்த்தாள்.

அடுப்பு ஓரத்தில்தான் இருந்தது. நடுவே ஒரு பெஞ்சு. பெஞ்சின்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ விரித்துக் கிடந்தது.

"இதைப் பெருசு பண்ணுங்க."

நடுவர் பெரிதாக்கினார். கம்பளியின் நடுவே முக்கோணமாக ஒரு கருகல். முனை கூராக, அடி அகலமாக.

"என் போர்வை!" என்று அவள் கத்தினாள். "என் இஸ்திரிப் போர்வை! எடுக்கவே இல்லன்னாரே! பொய் சொல்லியிருக்காரு!"

"அண்ணி, இப்ப போர்வையா முக்கியம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"வாயை மூடுங்க, யோசிக்க விடுங்க."

வீட்டில் நடந்த எந்த அநியாயத்தையும் அவள் மறந்தவள் இல்லை. போர்வை காணாமல் போய் முதல் தடவை துண்டின்மேல் இஸ்திரி போட்ட நாள் அவளுக்குப் பசுமரத்தாணி. அன்று போக்குவரத்து அதிகாரி பயிற்சிக் காரைப் பரிசோதிக்க வந்திருந்தார். யூனிஃபார்மில் துண்டின் கோடு கோடாக அச்சு விழுந்திருந்தது. அது மட்டுமா? அதே காலையில் காரின் முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதிகாரி வருவதற்குள் பிளேடை வைத்து அதைச் சுரண்டி எடுத்ததில் விரலும் வெட்டிக்கொண்டது. முந்தின இரண்டு நாளும் கேட்காமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போன மனிதர் கொண்டுவந்த ஸ்டிக்கர். அதில் என்ன இருந்தது? ஒரு படகின் படம். ஏரிப் படகுத்துறை வாகன நிறுத்தம்.

"படகுத்துறைக்கு மேல எத்தனை குடில் இருக்கு?"

"ஒண்ணுதான்" என்றார் நடுவர். "ஏரி மேட்டுக் குடில். பலகை குறுக்கேதான் அடிச்சிருக்கும்… ஆமா, அடிச்சிருக்கும்!"

"ஆனா அங்க அடுப்புக்குக் கதவே கிடையாது" என்றார் பேக்கரிக்காரர். "விழுந்து ரொம்ப நாளாச்சு. நானே பாத்திருக்கேன். இது அது இல்ல அண்ணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை துணியில் சுற்றிக்கொண்டு போன இரும்புச் சாமான் அவள் கண்முன் வந்து நின்றது. போனை எடுத்து மீட்பு அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"ஏரி மேட்டுக் குடில்" என்றாள்.

"நிச்சயமா தெரியுமாம்மா?"

"என் போர்வை அங்கதான் இருக்கு."

அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, குழுவை அனுப்பிவிட்டார்.

படகுத்துறைக்கு மருந்துக்கடைக்காரர்தான் ஓட்டினார். நெடுஞ்சாலையில் அவருக்கு அது முதல் தடவை. வழியெல்லாம் அவள் பேசவே இல்லை, பிரேக்கையும் மிதிக்கவில்லை. அதுவே தனக்கு அதிக பயமாக இருந்தது என்று அவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கடைசியாகப் பேசியது பசியைப் பற்றி. பசிக்குது என்று சொல்லாதீங்க என்றாள்.

சாயங்காலம் மழை விட்டு, ஏரிக்கு அக்கரையிலிருந்து மீட்புப் படகு வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவருக்கு இரண்டு நாள் தாடி. இடது கால் கட்டையில் கட்டப்பட்டிருந்தது. போர்த்தியிருந்த சாம்பல் நிறக் கம்பளியின் கருகல் சரியாக அவர் வயிற்றின்மேல் இருந்தது. அவளைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"யாரு கண்டுபிடிச்சது? நடுவரா?"

அடிக்கக் கையை ஓங்கினாள். மீட்புக் குழுக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, நன்றாகவே அழுதாள். அவர் மெதுவாகப் போர்வையை இழுத்துக் கருகலை மறைக்கப் பார்த்தார்.

"மறைக்காதீங்க. பாத்துட்டேன்."

"நீ பாப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

ஆம்புலன்ஸில் அவள் கூடவே ஏறி உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சனிக்கிழமையே வாசல் கல் வழுக்கிக் கால் முறிந்துவிட்டது. விழுந்ததில் போன் கண்ணாடியில் பாதி செத்துப்போனது. எழுத்தும் அடிக்க முடியவில்லை, நம்பரும் போட முடியவில்லை. சிக்னல் வேறு குடிலில் கிடையாது, மேலே ஒரு பாறைக்குப் போனால்தான் உண்டு. தவழ்ந்து அங்கே போய்ச் சேருவதற்குத் திங்கட்கிழமை ஆகிவிட்டது. அதற்கு முன்பே, மிச்சமிருந்த சார்ஜுக்கு ஒரே ஒரு படம்தான் போகும் என்று தெரிந்து, குடிலுக்குள் உட்கார்ந்து யோசித்து எடுத்தாராம்.

"அந்த அடுப்புக் கதவு?" என்று அவள் கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தார். "நான்தான் செஞ்சு மாட்டினேன். வடக்குக் கணவாயில இருக்கிற மாதிரியே. பேக்கரிக்காரனை ஒரு தடவையாவது ஏமாத்தணும்னு."

இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா!

"அதனாலதான் அடுப்பை எடுக்கப் பயமா இருந்துச்சு. அவன் சொல்றதைக் கேட்டு வடக்கே போயிட்டாங்கன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். போர்வையை நடுவுல வச்சு எடுத்தேன். அவனுங்களுக்கு அது வெறும் போர்வை. உனக்குத் தெரியும்ல."

"அப்ப எனக்கே அனுப்பியிருக்கலாமே? எதுக்குக் குழுவுக்கு?"

அவர் போர்வையின் ஓரத்தை நிமிண்டினார். "சண்டை போட்டுட்டு வந்தேன்ல. சண்டைன்னா நான் அனுப்புறதை நீ ரெண்டு நாளைக்குத் திறக்கவே மாட்டே. குழுவுல வந்தா, திட்டுறதுக்காவது பாப்பே."

அவள் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அது உண்மைதான். எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

அப்போது அவள் போன் டிங்கென்றது. நடுவர் எழுதியிருந்தார்: 'சரியான விடை ஏரி மேட்டுக் குடில். புள்ளி அனுப்பியவரின் மனைவிக்கு. படம் அனுப்பியவர் நலம். முறை தவறியதற்கான ஒரு புள்ளி குறைப்பு மட்டும் நீடிக்கிறது.'

"குறைச்சுட்டாரா?" அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். "கால் ஒடிஞ்சவனுக்குமா குறைப்பாங்க? போனைக் குடு இங்க!"

"படுங்க பேசாம." அவரை அழுத்திப் படுக்க வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "இந்தப் பாருங்க. அடுத்த தடவை எனக்கே அனுப்புங்க. எவ்வளவு கோவமா இருந்தாலும் திறக்கிறேன்."

அவர் அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மெல்லக் கேட்டார்.

"அடுத்த தடவைன்னு சொன்னியே… அப்ப, கால் சரியானதும் போகலாமா?"

ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் பிரேக் ஏது? ஆனாலும் அவள் கால் தரையை ஓங்கி மிதித்தது.